சூடத் தட்டைப் பிடித்தவர்

“தாயி, சத்தியத்தை மீறுனவனுக்கு என்ன தண்டனை?”

வந்ததும் வராததுமாக, செருப்பைக் கழற்றிக்கொண்டே பூவலிங்கம் கேட்டார்.

வெயிலுகந்தாள், மாடன் கோயில் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யாரு மீறுனா அண்ணாச்சி?”

“கிழக்குத் தெருக்காரங்க. ஒரு ஆளு ரெண்டு ஆளு இல்ல. தெருவே மீறிட்டு.”

பூவலிங்கம் ஊராட்சித் தலைவர். வெயிலுகந்தாள் அவரைவிட வயதில் சின்னவள்; ஆனாலும் அவருக்குக் குரு அவள்தான். ஒற்றைப் பாறை அடியில், மாடன் பீடத்துக்குப் பக்கத்தில் குடிசை போட்டுத் தனியாக இருப்பவள். அமாவாசை தவறாமல் பழத்தோடு வந்து அவள் எதிரில் உட்காருவார். அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். கேட்டதை எல்லாம் பாறையடியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். சிஷ்யர்களில் இப்படியும் ஒரு ரகம் உண்டு. என்ன செய்ய?

தேர்தலுக்கு முன்னால் அவர் வீட்டுக்கொரு பித்தளைக் குடம் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. அவருடைய ஆள் ஒருவன் தட்டில் சூடத்தைக் கொளுத்திப் பிடிப்பான். வீட்டுக்காரி அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, “எங்க வீட்டு ஓட்டெல்லாம் உங்களுக்குத்தான், மாடன் மேல சத்தியம்” என்று சொன்ன பிறகுதான் குடம் கைமாறும்.

அந்தப் பக்கத்தில் சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை மீற எவனுக்கும் துணிச்சல் வராது. மாடன் பொல்லாதவன். மீறினால் வீடு தேடி வந்து கேட்பான்.

தன் சொந்தத் தெருவில் மட்டும் பூவலிங்கம் குடமும் கொடுக்கவில்லை, சூடமும் கொளுத்தவில்லை. சொந்தக்காரனிடம் போய் யாராவது சத்தியம் கேட்பார்களா?

ஜெயித்தார். ஆனால் மயிரிழையில். பள்ளிக்கூடத்து ஓட்டுப்பெட்டி அவர் காலை வாரிவிட்டது. அதில் ஓட்டுப் போட்டது இரண்டே தெரு. ஒன்று அவருடையது, இன்னொன்று கிழக்குத் தெரு. தன் தெரு தனக்குப் போடாமல் இருக்குமா? அப்புறம் யார்? அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஊருக்குப் பொதுவாக நடப்பேன் என்று சத்தியம் பண்ணிப் பதவி ஏற்ற கையோடு கிழக்குத் தெருவுக்குப் போகும் தண்ணீர் வால்வைப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். விசாரிக்க வந்த அதிகாரியிடம், “குழாய் உடைஞ்சு கிடக்கு சார், சரி பண்ணிக்கிட்டிருக்கோம்” என்றார். உடையாத அந்தக் குழாயின் தண்ணீர் அவருடைய எலுமிச்சைத் தோட்டத்தில் பாய்ந்தது.

குடத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பிடுங்கிய மனுஷனை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

கிழக்குத் தெரு ஓடையில் ஊற்றுத் தோண்டியது. கலங்கல் தண்ணீர். குடித்த பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு.

“தண்ணிய நிறுத்திட்டீங்களே அண்ணாச்சி. அது போதாதா?”

“அது நான் கொடுத்த தண்டனை தாயி. மாடன் கொடுக்க வேண்டாமா? ஊரைக் கூட்டி இங்க வச்சு மறுபடி சூடம் அணைக்கச் சொல்லணும். ‘சொன்னபடி ஓட்டுப் போட்டேன்’னு சொல்லட்டும். எவ கைய நீட்டுதான்னு பாத்துருவோம்.”

“வேண்டாம்.”

“ஏன் தாயி?”

“கேட்டா பதில் வந்துரும்.”

“வரட்டுமே. அதுக்குத்தானே கேக்கேன்.”

வெயிலுகந்தாள் விளக்குமாற்றைச் சாத்தி வைத்தாள்.

“சரி. ஆனா இங்க ஒரு வழக்கம் இருக்கு. வழக்குக் கொண்டாந்தவரு கையிலதான் தட்டு இருக்கணும். கடைசி ஆளு வரைக்கும் கீழ வைக்கக் கூடாது.”

“இம்புட்டுத்தானா?” என்று சிரித்தார் பூவலிங்கம்.

செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் ஊர் கூடியது. ஒரு பக்கம் கிழக்குத் தெரு. எதிர்ப்பக்கம் பூவலிங்கத்தின் தெரு. நடுவில் மாடன் பீடம். அதன் முன்னால் செப்புத் தட்டோடு பூவலிங்கம்.

வெயிலுகந்தாள் சூடத்தைக் கொளுத்தினாள்.

முதலில் வந்தவள் முப்பிடாதி. ஊற்றடியிலிருந்து நேராக வந்திருந்தாள். இடுப்பில் அவர் கொடுத்த அதே பித்தளைக் குடம். அதைத் தரையில் இறக்கி வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

இப்போது நடுங்குவாள் என்று பூவலிங்கம் காத்திருந்தார்.

“சொன்ன சொல்லுப்படிதான் போட்டேன். மாடன் சாட்சி.”

பட்டென்று ஓர் அடி. சூடம் அணைந்தது.

பூவலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி, மாடன் முன்னாலேயே பொய் சொல்கிறாளே!

வெயிலுகந்தாள் அடுத்த சூடத்தைக் கொளுத்தினாள்.

அடுத்தவள் வந்தாள். அடித்தாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன். பிறகு கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண். அவளுக்குப் பின்னால் கண் தெரியாத ஒரு கிழவர். சூட்டைத் தடவிப் பார்த்துச் சூடத்தைக் கண்டுபிடித்து அடித்தார்.

“சொன்ன சொல்லுப்படிதான் போட்டேன்.”

“மாடன் சாட்சி.”

ஒருத்தர் குரலும் பிசிறவில்லை. ஒருத்தர் கையும் பின்வாங்கவில்லை. வரிசை வந்துகொண்டே இருந்தது. அழுத குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. சூடம் எரிகிற சத்தமும் கை விழுகிற சத்தமும் மட்டும்தான் கேட்டன.

இத்தனை பேரும் பொய் சொல்ல முடியாது. பொய் சொல்கிறவன் கண் இப்படி இருக்காது. தேர்தல் முழுக்கப் பொய்யை விற்றவர். அந்தச் சரக்கு அவருக்குத் தெரியாதா?

அப்போதுதான் கை எரிவது தெரிந்தது.

அணைக்கிறவருக்கு ஒரு நொடிச் சூடு, அவ்வளவுதான். தட்டைப் பிடிக்கிறவருக்கு அப்படியா? சூடத்துக்கு மேல் சூடமாக எரிந்து தட்டு கொதித்தது. வீடு வீடாகப் போனபோது தட்டை எப்போதும் அவருடைய ஆள்தான் பிடித்தான். அவன் ராத்திரி கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

“துண்டைச் சுத்திக்கிடட்டுமா தாயி?”

அவள் தலையை ஆட்டினாள். கூடாது.

மாடன் தட்டை இடது கையால் பிடிக்கவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கிழக்குத் தெருவில் கடைசி ஆளும் அணைத்துவிட்டு நகர்ந்தார்.

வெயிலுகந்தாள் மறுபடி ஒரு சூடத்தை வைத்தாள்.

“எல்லாரும் வந்தாச்சே தாயி?”

“உங்க தெரு வரலையே அண்ணாச்சி.”

“அவங்க எங்கிட்ட சத்தியம் பண்ணலையே.”

“இப்ப பண்ணட்டுமே. போட்டவங்க வந்து அணைக்கட்டும்.”

பூவலிங்கம் தன் தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

யாரும் அசையவில்லை. அவருடைய கூடப் பிறந்த தம்பி தரையைப் பார்த்தான். மச்சினன் வானத்தைப் பார்த்தான். மாலை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியவர்களெல்லாம் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள்.

சூடம் எரிந்துகொண்டிருந்தது.

“செல்லக்கனி,” என்று தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டார். “நீ வா.”

செல்லக்கனி வந்தாள். தட்டுக்கு முன்னால் நின்றாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

“அணை.”

“முடியாதுங்க.”

“ஏம்மா?”

“நான் உங்ககூட வாழ்ந்திருக்கேன்லா.”

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “அவங்களுக்கு உங்களத் தெரியாது. நம்பிப் போட்டாங்க. எங்களுக்குத் தெரியும்.”

தட்டு கையை விட்டு நழுவியது. கல்லில் விழுந்து கணகணவென்று உருண்டது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

பூவலிங்கம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒருத்தரும் கிட்டே வரவில்லை. முப்பிடாதி மட்டும் வந்தாள். குடத்தைச் சரித்தாள். கலங்கலான ஊற்றுத் தண்ணீர் அவர் கைமேல் விழுந்தது. விடியலிலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுத்த தண்ணீர் அது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படுத்துக் கிடந்தார்கள்.

“போதும்மா. போதும். பிள்ளைங்களுக்கு வை.”

அவள் நிறுத்தவில்லை.

அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். அவரால் தாங்க முடியவில்லை.

“எனக்குத்தான் போட்டோம்னு அன்னைக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உடனே திறந்துவிட்டிருப்பேனே!”

முப்பிடாதிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. குடத்தை நிமிர்த்தினாள்.

“போடாதவங்களுக்கும் தாகம் எடுக்கும்லா அண்ணாச்சி?”

மாடன் பீடத்தில் வெயில் அடித்தது.

பூவலிங்கம் தன் குருவின் பக்கம் திரும்பினார்.

“தாயி... சத்தியத்தை மீறுனவனுக்கு...”

தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

வெயிலுகந்தாள் தட்டை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கை ரொம்ப எரியுதா அண்ணாச்சி?”

“எரியுது தாயி.”

“வால்வுப் பூட்டுல சாவியத் திருப்ப முடியுமா?”

பூவலிங்கம் வேட்டியை விலக்கி அரைஞாண் கயிற்றைத் தடவினார். வலது கை மடங்கவில்லை.

“இடது கை இருக்கு தாயி,” என்று எழுந்தார்.