ராசா கைலாகு கொடுத்த கதை

ராசா உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதற்கே ஒரு நாடு கவிழப் பார்த்தது.

முன்னொரு காலத்தில் செங்கோடை நாடு என்று ஒன்று இருந்தது. எந்தத் திசையில் என்று கேட்காதீர்கள், கதை நகராது. அதை ஆண்ட ராசா மல்லதேவர். வாலிபத்தில் மல்யுத்தக் களத்தில் ஆளைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றியவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது.

அந்த அரண்மனையில் கைலாகு என்று ஒரு மரியாதை. ராசா உட்கார, எழ, படி ஏற, ஒருவர் கை கொடுத்துத் தாங்க வேண்டும். முப்பது வருஷமாகத் தாங்கியவர் அலங்காரர். ராசா தும்மினாலும் ஓடிவந்து முதுகைப் பிடிப்பார். "மகாராசா கால் எதற்கு நோகணும்? நான் எதற்கு இருக்கிறேன்?" என்பார். கால் நோகவில்லை. கரைந்துபோயிற்று.

ஒருநாள் அலங்காரருக்குக் காய்ச்சல். பூசையறையில் தரையில் உட்கார்ந்த ராசா கையை ஊன்றிப் பார்த்தார், புரண்டு பார்த்தார், ஆகவில்லை. கடைசியில் தூணைக் கட்டிக்கொண்டு எழுந்தார். உடம்பெல்லாம் வேர்வை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மாசித் திருவிழாவில் ராசா காளி சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எவர் கையும் படாமல், எதையும் பிடிக்காமல் எழ வேண்டும். எழாவிட்டால் கிரீடத்தை அங்கேயே கழற்றி அடுத்தவன் தலையில் வைப்பார்கள். அடுத்தவன் தம்பி மகன். குடித்துவிட்டு யானையோடு சண்டைக்குப் போகிறவன். போன வருஷமே ராசா தட்டுத் தடுமாறித்தான் எழுந்தார். வேட்டியை விலக்கித் தொடையைப் பார்த்தார். உரல் மாதிரி இருந்தது முருங்கைக்காய் மாதிரி ஆகியிருந்தது. சோறு இறங்கவில்லை.

அலங்காரரையும் அமைச்சர் தீத்தாரப்பரையும் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"இதற்கா கவலை? பட்டுச் சால்வைக்கு அடியில் கையை விட்டுத் தூக்கிவிடுகிறேன். எவனுக்குத் தெரியும்?" என்றார் அலங்காரர்.

"எல்லோருக்கும் தெரியும். ஜனங்களுக்குக் கண் முகத்தில்தான் இருக்கிறது" என்றார் அமைச்சர்.

அலங்காரருக்கு அமைச்சரைக் கண்டாலே ஆகாது. "அப்படியானால் இவரே எழுப்பட்டும், மகாராசா! முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி என் விரலில் போடட்டும்."

"போடுகிறேன். ஆனால் முதலில் ஒரு குறை தீரணும். இத்தனை வருஷம் கைலாகு கொடுத்தவருக்கு ராசா பதில் மரியாதை செய்யவில்லை. நாளை முதல் சபையில் ராசாவே அலங்காரருக்குக் கைலாகு கொடுக்கட்டும். திருவிழா வரை, கை கொடுக்கிற ராசா யாரிடமும் கைலாகு வாங்கக் கூடாது."

"நானா? இவனுக்கா? நானே எழ முடியாமல் கிடக்கிறேன், நீர் என்ன உளறுகிறீர்?" என்றார் ராசா.

அலங்காரருக்கோ வாயெல்லாம் பல். "அமைச்சரே, பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் நல்ல வார்த்தை பேசியிருக்கிறீர்!"

ராசாவுக்கு வேறு வழி தெரியவில்லை. தலையாட்டினார்.

மறுநாள் அலங்காரருக்கு உயரமான ஆசனம் போட்டார்கள். ராசா கையைப் பிடித்து இழுத்தார். முழங்கால் சொடுக்கியது கடைசி வரிசைவரை கேட்டது. அலங்காரர் பாதி எழுந்தார், ராசா பாதி விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை, தலை வேண்டுமே. அலங்காரருக்கு ஆசை தீரவில்லை. மாமன் வந்தால் ஒருமுறை, மச்சான் வந்தால் ஒருமுறை, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்.

கொஞ்ச நாள் கழித்து அமைச்சர் சொன்னார்: "ராசாவின் பாதத்துக்குப் பக்கத்தில் இருப்பதல்லவா பெரிய கௌரவம்? முக்காலி போடுங்கள்." அப்புறம் மணை. அப்புறம் தரையில் பட்டுப் பாய். ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு அதிரசம். அலங்காரர் தாழத் தாழப் பூரித்தார். பூரிக்கப் பூரிக்கப் பருத்தார். ராசா அவரைத் தூக்கக் குந்தினார், எழுந்தார், குந்தினார்.

தை பிறந்தது. ராசா அமைச்சரைக் கூப்பிட்டார்.

"யோவ், திருவிழா வந்துவிட்டது. உம்முடைய யோசனை என்று ஒன்றையும் காணோம். இந்த மூட்டையைத் தூக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறீரே!"

"யோசனை நடந்துகொண்டுதான் இருக்கிறது, மகாராசா."

"எங்கே?"

"சபையில்."

ராசா பல்லைக் கடித்தார். மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தார்.

மாசித் திருவிழா. சந்நிதியில் எள் விழ இடமில்லை. தம்பி மகன் தலையை வாரி எண்ணெய் தடவி முன்வரிசையில் நின்றான். ராசா விழுந்தார். கல்தரை சில்லென்று நெஞ்சில் பட்டது. மேளம் நின்றது. எழ மனசு வரவில்லை. எழுந்து பார்த்தால்தானே தோற்க முடியும்? 'காளி, என்னை விட்டாலும் நாட்டை விடாதே' என்று உள்ளங்கையை ஊன்றினார். முழங்காலை இழுத்தார். பாதம் பதிந்தது. குந்தினார். தினமும் குந்துகிற அதே குந்தல்! கண்ணுக்கு முன்னால் அலங்காரர் இல்லை, பாரமும் இல்லை. சடாரென்று நின்றார்.

குலவை வானத்தைப் பிளந்தது. தம்பி மகன் வாரின தலையைக் கலைத்துக்கொண்டான்.

அடுத்து அலங்காரர் விழுந்தார், ஆடம்பரமாக. விழுந்தவர் விழுந்தவர்தான். காலை உதைத்தார், வயிற்றில் உருண்டார். "கை! யாராவது கை கொடுங்களேன்!"

ராசாவின் கை பழக்கத்தில் நீண்டது. அமைச்சர் குறுக்கே வந்தார். "வேண்டாம், மகாராசா. கை கொடுத்தே உங்களை இவர் என்ன செய்தார் என்று பார்த்தீர்களல்லவா?"

ராசா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அலங்காரரே, மோதிரம் அவர் விரலிலேயே இருக்கட்டும். நாளை முதல் சபையில் நீராகவே உட்கார்ந்து நீராகவே எழ வேண்டும். அதுதான் உமக்கு வேலை. பயப்படாதீர், முதலில் உயரமான ஆசனம்தான். அதிரசம் கிடையாது."

கைலாகு அன்றோடு ஒழிந்தது. மல்லதேவர் எண்பதைத் தாண்டியும் தானே விழுந்து தானே எழுந்தார். எழுப்பிவிட்டவர், ஒரு நாளும் அவருக்குக் கை கொடுக்காத மனுஷர். தீத்தாரப்பர்.