கோச் போட்ட கோடு

எங்க மைதானத்து ஓரத்துல ஒரு கோணல் கோடு இருக்கு. மழை அழிச்சா, அதே கோணலோட திரும்பப் போட்டுருவோம். அது தர்மசீலன் சார் போட்டது. மாவட்ட வாலிபால் அணிக்கே அவர்தான் கோச்.

அதைப் போட்ட அன்னைக்கு அவர், அந்த அணியில ஆடுற பெனிட்டா பக்கத்துல நின்னு, "கையைத் தூக்கு, காலை மடக்கு, விட்டுறாதே"ன்னு கத்தக் கத்த, அவ போட்ட சர்வீஸெல்லாம் வலையிலேயே விழுந்துச்சு.

"சத்தம் போடாம இருந்தா அந்தப் புள்ள போட்டுரும் சார்," என்றார், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுற சவரிமுத்து.

"கோடு போடுறவன் எனக்குச் சொல்லித் தர்றியா? அவளைப் பத்து சர்வீஸ் போட வை. ஒண்ணு தவறினாலும் நீ இங்க கால் வைக்கக் கூடாது."

"சரி சார். முதல்ல நீங்க ஒரு கோடு போடுங்க."

இதென்ன பெரிய வேலைன்னு சார் சுண்ணாம்பு டப்பாவை வாங்கினார். சவரிமுத்து பின்னாலேயே நடந்தார். "இடது பக்கம் சார். கையை இறக்குங்க. கோணிறப் போகுது, எல்லாரும் பாக்குறாங்க."

கோடு பாம்பா நெளிஞ்சுது. சார் திரும்பிப் பார்த்துட்டு டப்பாவைக் கீழே வெச்சார். சவரிமுத்து பெனிட்டா காதுல ஏதோ சொன்னார். அவ பத்தையும் போட்டா.

"அவகிட்ட என்னய்யா சொன்னே?"

"எதிர்ல ஒரே இடத்தைப் பாருன்னேன் சார். உங்ககிட்ட சொன்னதுல ஒண்ணைக்கூடச் சொல்லலை."