சீராயியின் கையும் உப்பு வயலும்

முதலில் அநியாயத்தைக் கேளுங்கள், கதை அப்புறம். கடல் செய்த குற்றத்துக்குச் சீராயி என்கிற பெண்ணின் கையைத் தண்டித்தார்கள்.

கடலோரத்து ஊர் அது. ராஜாக்கள்கூட எட்டிப் பார்க்காத பழங்காலம். அங்கே எந்த வயலானாலும் முதல் பிடி விதையைக் கைராசிக்காரி ஒருத்திதான் தூவ வேண்டும். அந்தக் கை சீராயியுடையது. ஓர் ஐப்பசிப் புயலில் கடல் கரைதாண்டி வயலுக்குள் வந்து, நின்று, வடிந்தது. அதன்பிறகு அவள் தூவிய நெல் முளைக்கவில்லை.

அவள் கை கெட்டுவிட்டது என்றார் ஊர்த்தலைவர் தில்லையனார். மண்ணைப் பாருங்கள் என்று அவள் மன்றாடினாள்.

"மண்ணையா ஊரைவிட்டுத் தள்ள முடியும்?" என்று கேட்டுவிட்டு, அவளைத் தள்ளினார்.

பிறகு தலைவரின் மருமகள் விதைத்தாள், முளைக்கவில்லை. பத்துப் பிள்ளை பெற்றவள் விதைத்தாள், முளைக்கவில்லை. பூசாரியே வந்து விதைத்தார், முளைக்கவில்லை. கையை மாற்றிக்கொண்டே இருந்தார்களே, ஒருவராவது ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாரா?

உப்பங்கழிக்கு அக்கரையில் சீராயி நண்டு பிடித்துப் பிழைத்தாள். வயிறு நிறைந்தது; கைதான் நிறையவில்லை. உழவு நாட்களில் காற்று ஈரமண் வாசனையைக் கொண்டுவரும். உடனே எழுந்து, வெறுங்கையை வீசி வீசி, இல்லாத விதையைத் தூவுவாள். யாராவது பார்த்துவிட்டால் கொசு விரட்டுகிற மாதிரி பாவனை செய்வாள்.

ஊரைவிட்டு வந்த அன்று ஒரு பிடி நெல்லை முந்தானையில் முடிந்திருந்தாள். கழியில் இறங்கி நடந்தபோது அது நனைந்துபோனது. மழை கலந்து உப்பு மட்டுப்பட்டிருந்த தண்ணீர் அது. கண்ணால் பார்க்கவாவது இருக்கட்டும் என்று நிழலில் உலர்த்தி வைத்தாள். ஏக்கம் தாங்காத ஒரு நாள், குடிசையோரத்து உவர்மண்ணில் போட்டுப் பார்த்தாள். முளைத்தது!

கும்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அவளோ ஏன் முளைத்தது என்று தன்னோடு தானே வழக்காடினாள். விளைந்த நெல்லை மூன்று பங்காக்கினாள். ஒரு பங்கை நனைக்காமல் விதைத்தாள், முளைவிடாமலே செத்தது. ஒரு பங்கை நாள்கணக்கில் ஊறப்போட்டாள், அழுகியது. ஒரு பங்கை ஓர் இரவு மட்டும் மட்டான உப்புநீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தாள். அது முளைத்தது, பூத்தது, கதிர் சாய்த்தது. விதைக்கு முன்கூட்டியே கொஞ்சம் உப்பைப் பழக்கிவிட்டால், மண்ணில் அது மிரளுவதில்லை.

சேதி கேட்டு, தில்லையனார் விதைக்கூடையோடு கழியைத் தாண்டி வந்தார்.

"உன் கைராசி தெரியாமப் போச்சே, தாயி. இனிமே ஊரோட முதல் பிடி உன்னோடது. வா."

சீராயியின் விரல்கள் தாமாகவே கூடைப்பக்கம் போயின. எத்தனை வருஷத்து ஆசை. ஆனாலும் கையை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னைக்கும் இதே கைதான், ஐயா. வர்றேன், அங்க விட்டுட்டு வந்த என் வயல்ல விதைக்கிறேன், விதையைப் பழக்குற விதத்தை ஊருக்கே சொல்லித் தர்றேன். கைராசின்னு மட்டும் சொல்லாதீங்க. காரணத்தைத் தேடாமப் போடுற பழி எவ்வளவு அநியாயமோ, காரணத்தைத் தேடாமக் குடுக்குற புகழும் அவ்வளவு அநியாயம்."