சடைச்சியைத் தேடும் எறும்புகள்

எறும்புகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், அவை வழியில் ஒன்றையொன்று கண்டுகொள்வதே கிடையாது. முன்னால் போகிறவளின் பின்னால் போகத்தான் தெரியும். எதிரே யார் வந்தாலும் விலகிப் போய்விடும்.

ஓர் ஐப்பசி அடைமழையில் வேப்பமரத்தடிப் புற்றுக்குள் தண்ணீர் புகுந்து, முட்டைகள் அத்தனையும் மிதந்து போயின. வாசல் காவலுக்கு நின்றவள் சடைச்சி. காவலை விட்டுவிட்டு ஓடிப்போனாள் என்று அவள்மேல் வழக்கு. குற்றம் என்றால் மழையோடு மழையாக வெளியே விரட்டிவிடுவார்கள். புற்றைவிட்டுத் தனியே போன எறும்பு எங்கே பிழைக்கும்?

தீர்ப்புச் சொல்ல ஏழு பேரை ஒரு காய்ந்த பொந்துக்குள் அனுப்பினார்கள். ஏழு பேரும் ஒரே முடிவுக்கு வந்த பிறகுதான் வெளியே வரலாம். அதில் மூக்காயியும் ஒருத்தி.

மூக்காயிக்கு ஒன்று தெரியும். தண்ணீர் வந்த நேரத்தில் சடைச்சி வாசலை நோக்கி ஒரு சருகைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனதை அவள் பார்த்திருந்தாள். ஓடுகிறவளுக்குச் சருகு எதற்கு? ஆனால் பார்த்தது மங்கல் வெளிச்சத்தில்.

"இதுல பேச என்னடி இருக்கு?" என்றாள் மூத்தவளான சீனியம்மா, நுழைந்ததும் நுழையாததுமாக. "முட்டை போச்சு. காவலுக்கு நின்னவ அங்க இல்ல. குத்தம்னு நினைக்கிறவங்க கொம்பைத் தூக்குங்க." சொல்லிவிட்டுத் தன் தலைக்கொம்பை முதலில் தூக்கினாள்.

அடுத்தவள் அவளைப் பார்த்தாள், தூக்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். "சீக்கிரம் ஆகட்டும்க்கா, பசி உயிர் போகுது" என்று வெள்ளைத்தாயும் தூக்கினாள்.

கடைசியில் மூக்காயி. இத்தனை பேருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். 

"என்னடி, பொண்ணு பார்க்க வந்த மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு?" என்றாள் வெள்ளைத்தாய்.

எல்லோரும் சிரித்தார்கள். மூக்காயியும் தூக்கிவிட்டாள்.

சடைச்சி அழவில்லை. வாசலில் திரும்பி ஏழு பேரையும் பார்த்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றாள். மழைக்குள் இறங்கிப் போனாள்.

அன்று ஏழு பேரில் யாருக்கும் இரை இறங்கவில்லை. மூக்காயிதான் முதலில் வாய் திறந்தாள். "நான் பார்த்தேன். அவ சருகை இழுத்துக்கிட்டுப் போனா."

வெள்ளைத்தாய் வாயில் இருந்ததைக் கீழே போட்டாள். "வாசலைப் பாதி அடைச்சபடி ஒரு சருகு கிடந்துச்சே! யாரு வச்சான்னுதான் எனக்குத் தெரியல. நீங்கள்லாம் தூக்குனீங்க, நானும் தூக்கிட்டேன்."

சீனியம்மா தன் கொம்பைத் தாழ்த்தினாள். பிறகு, "எனக்குக் கோபந்தான் இருந்துச்சு. நிச்சயம் இல்ல. எவளாவது ஒருத்தி இல்லைன்னு சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

ஏழு பேரும் வெளியே ஓடினார்கள். சடைச்சி போன தடத்து வாசனையை மழை கழுவிவிட்டிருந்தது. எந்தப் பக்கம் போவது? மூக்காயி எதிரே வந்தவளை மறித்தாள். தலையோடு தலை சேர்த்தாள்.

"சடைச்சியைப் பார்த்தியா? அடுத்தவ சொன்னது வேண்டாம். நீ பார்த்ததைச் சொல்லு."

அவள் அடுத்து வந்தவளைக் கேட்டாள். அவள் இன்னொருத்தியை. சடைச்சி கிடைக்கவில்லை, கேட்பதும் நிற்கவில்லை. காலப்போக்கில் வாய்ப்பேச்சு போன பிறகும் கொம்பால் தொட்டுக் கேட்டார்கள்.

எவ்வளவு அவசரமானாலும், தன்னைவிடப் பெரிய சுமையைத் தூக்கிக்கொண்டு போனாலும், எதிரே வருகிற ஒருத்தியையும் எறும்பு நின்று கேட்காமல் விடாதது அன்று முதல்தான்.