நல்லபெருமாள் செய்த மொழி

நல்லபெருமாள் படித்துறையில் தனியாக உட்கார்ந்து ஒரு மொழி செய்து முடித்தார். முடித்த கையோடு, ஈர வேட்டி காயுமுன்னே குருவிடம் ஓடினார்.

ஆற்றங்கரை மடத்துக்கு ஆவுடையம்மை குரு. நல்லபெருமாளைவிட வயதில் இளையவர்.

“புது மொழி எதற்கு ஓய்?”

“தமிழில்தானே தாயே அந்தச் சுடலைமுத்து என்னைக் களவாணி என்றான்? அத்தனை பேர் முன்னால்! காணாமல் போன செம்பு கிணற்றுச் சேற்றில் கிடைத்தது. பிறகாவது வாயைத் திறந்தானா? அவன் பேசுகிற பாஷையில் அவனிடம் ஒரு சொல்லும் பேசமாட்டேன்.”

சுடலைமுத்து மடத்துச் சமையல்காரன். வருஷக்கணக்காக இருவருக்கும் பேச்சு இல்லை.

“சரி, மொழியைச் சொல்லும்.”

“வல்லெழுத்தே கிடையாது தாயே. ய, ல, வ, ம, ந, அவ்வளவுதான். கல்லுக்கு லோமி. தலைக்கு நவ. நிறைய இருந்தால் இரண்டு தடவை சொன்னால் போதும். லோமிலோமி என்றால் கற்கள். வேலையை முதலில் சொல்ல வேண்டும், ஆள் கடைசியில் வருவான். ஒரு ஓசைக்கு ஒரே கோடு. என்னைப் போல மூன்றாம் வகுப்போடு நின்றவனும் பிழையில்லாமல் எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேலே, வசவே இல்லை. இனி மடத்தில் இதைத்தான் பேச வேண்டும்.”

“இதில் உமக்குப் பதில் சொல்ல ஒரே ஒருவரைக் கூட்டி வாரும். பிறகு பார்ப்போம்.”

நல்லபெருமாள் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினார். பூக்கட்டுகிறவரைப் பிடித்தார், அவர் கொட்டாவி விட்டார். கிழட்டுப் பண்டாரத்தைப் பிடித்தார். “இருக்கிற பாஷைக்கே எனக்குப் பல் இல்லை ஓய்” என்று அவர் நழுவினார்.

ஒருவரும் சிக்கவில்லை. இவரும் விடவில்லை. விடிந்ததும் படித்துறையில் நின்று, எதிர்க்கரைக்குக் கேட்கும்படி சொற்களைப் பொருளோடு ஒப்பிப்பார். கீழ்ப்படியில் சுடலைமுத்து சாம்பல் போட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பக்கம் இவர் திரும்புவதே இல்லை.

ஒரு நாள் ஆவுடையம்மை சொன்னார்: “இன்றைக்குக் கஞ்சி அண்டாவுக்கு நீர் முன்தடி பிடியும்.”

“பின்னால் யார்?”

“சுடலைமுத்து.”

வழிப்போக்கருக்கான கஞ்சி அண்டாவை மூங்கில் தடியில் தொங்கவிட்டு, இரண்டு பேர் படியிறங்கிக் கொண்டுபோவது வழக்கம். பின்னால் வருகிறவனுக்கு ஆவியைத் தவிர ஒன்றும் தெரியாது. முன்னால் போகிறவன் படி, பள்ளம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

நல்லபெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் ஒரு கல் பெயர்ந்து கிடந்தது. கொதிக்கிற கஞ்சி முதுகுக்குப் பின்னால் ஆடியது. தமிழில் சொல்ல மனம் வரவில்லை.

“லோமி!” என்று கத்தினார்.

பின்னால் காலடி நின்றது. பிறகு நிதானமாகக் கல்லைத் தாண்டி வந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

கீழே அண்டாவை இறக்கியதும் சுடலைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இவரைப் பார்த்துச் சொன்னான்:

“நவ லோமிலோமி!”

வெகு நேரம் கழித்து நல்லபெருமாள் மூச்சிரைக்கக் குருவின் முன் நின்றார்.

“என் மொழி நாசமாய்ப் போயிற்று தாயே! தலை நிறையக் கல் என்று அந்தப் பயல் என்னைத் திட்டிவிட்டான்!”

“நீர் சும்மா வந்தீரா?”

“விடுவேனா? நின்ற இடத்திலேயே புதுச் சொல் உண்டாக்கித் திருப்பிக் கொடுத்தேன்.”

“அவனுக்கு விளங்கியதா?”

“விளங்காமலா? அதற்கு மேலே அவன் உண்டாக்கினான். ஒரு வல்லெழுத்தும் கலக்கவில்லை, படுபாவி! கஞ்சி ஆறிப்போகிற வரைக்கும் விடவில்லை.”

“அப்புறம்?”

நல்லபெருமாளின் குரல் இறங்கியது.

“செம்பு விஷயத்தைக் கேட்டேன். ‘சொன்னேன் நான்’ என்று ஆரம்பித்தான். என் மொழியில்தான். மேலே சொல்ல முடியாமல் கையை விரித்துக்கொண்டு நின்றான்.”

“ஏன்?”

“தப்பு என்பதற்கு நான் சொல் வைக்கவில்லை தாயே.”

ஆவுடையம்மை தம் பங்காக வந்த ஆறிய கஞ்சியை ஒரு வாய் குடித்தார்.

“அந்த மொழிக்காரர்கள் நீங்கள் இரண்டே பேர்தான். போய், அவனையும் கேட்டு அதற்கு ஒரு சொல் வையும்.”