மூன்றாவது கோப்பை

"பெரியவர் மூக்கு ரொம்ப நல்ல மூக்கு. கெட்டது எதுவும் அதற்குத் தெரிவதே இல்லை."

ஜன்னலுக்கு வெளியே காபிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே ருகேமா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ருவாண்டாவில், கிகாலி நகரத்தின் ஓரத்தில் இருந்த ஏற்றுமதிக் கிடங்கு அது. ருகேமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. காபியை ருசி பார்க்கக் கற்றுக்கொள்ள வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கற்றுக்கொடுக்கும் கம்பிரேவுக்கு முப்பத்துநான்கு. அவரை ருகேமா 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"சத்தமாக உறிஞ்சுங்கள்," என்று கம்பிரே தினமும் சொல்ல வேண்டியிருந்தது. "இது உங்கள் மாமியார் வீடு இல்லை."

அந்த நாட்டுக் காபியில் ஒரு குறை உண்டு. மரத்தில் ஒருவகைப் பூச்சி கடித்த பழத்தின் கொட்டையில் பச்சை உருளைக்கிழங்கு வாடை ஏறிவிடும். பார்த்தால் தெரியாது. வறுத்தாலும் தெரியாது. அரைத்து வெந்நீர் ஊற்றும்போதுதான் தெரியும். ஒரு கொட்டை போதும், அந்தக் கோப்பை போய்விடும். அதனால் ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியாக அரைப்பார்கள்.

அன்று காலை மேசையில் ஐந்து கோப்பைகள் இருந்தன. ஐந்தும் ருகேமாவின் சொந்த ஊர் மலையில் விளைந்த சரக்கு. இருநூற்று நாற்பது மூட்டை. ஜெர்மனியிலிருந்து திருமதி ஃபோஸ் வாங்க வருகிறார். முன்பு ஒருமுறை, ஒரு கோப்பை வாடை அடித்ததற்காக மொத்தச் சரக்கையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். இந்த வருடம் அந்த மலைச் சரக்கைக் கேட்டு வேறு யாரும் வரவில்லை.

"இன்று மேசை உங்களுடையது," என்றார் கம்பிரே. "அரைப்பது, ஊற்றுவது, பதில் சொல்வது எல்லாம் நீங்கள்தான்."

சொல்லிவிட்டுக் கிடங்குப் பக்கம் போனார்.

ருகேமா வெந்நீர் ஊற்றினார். மூன்றாவது கோப்பையிலிருந்து வாடை வந்தது. குனிந்து மறுபடி முகர்ந்தார். சந்தேகமில்லை. அதை எடுத்து ஜன்னல் விளிம்பில் திரைக்குப் பின்னால் வைத்தார். அதே சரக்கில் வேறு கொட்டை அரைத்து, வேறு கோப்பையில் ஊற்றி, அந்த இடத்தை நிரப்பினார்.

கம்பிரே திரும்பி வந்து மேசையைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு கோப்பையையும் புறங்கையால் தொட்டார்.

"மூன்றாவது மட்டும் ஏன் இவ்வளவு சுடுகிறது?"

ருகேமாவின் கண் ஜன்னல் திரைப் பக்கம் போனது.

"வாடை வந்ததா?"

"வந்தது, அம்மா."

"அப்படியானால் மூக்கு வேலை செய்கிறது."

"ஒரு கோப்பைதானே! அந்த மலையில் முந்நூறு வீடுகள். என் அக்கா வீடும் அதில் ஒன்று. ஒரு பூச்சி கடித்ததற்கு முந்நூறு வீடுமா பட்டினி கிடக்க வேண்டும்?"

"நான் ஒன்றும் சொல்லவில்லையே."

"நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?"

"நான் செய்திருக்கிறேன்."

ருகேமா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன்பது வருடத்துக்கு முன்னால். இதே அறை. வாங்க வந்தவரும் இதே திருமதி ஃபோஸ்தான். நான் கோப்பையை அலமாரிக்குள் வைத்தேன். திரை எனக்குத் தோன்றவில்லை."

"கண்டுபிடித்துவிட்டாரா?"

"இல்லை."

"ஊருக்குப் போனபிறகு புகார் வந்ததா?"

"அதுவும் இல்லை. மொத்தமும் வாங்கினார். அடுத்த வருடமும் வாங்கினார். அந்த மலைக்காரர்கள் வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டார்கள்."

"நல்லதுதானே நடந்தது?"

வெளியே கார் வந்து நின்றது.

"அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல காபிக்கு 'சுத்தம்' என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். என் வார்த்தையை அவர் நம்புகிறார்."

"அதுதானே அம்மா வேண்டும்?"

"நான்தான் நம்புவதில்லை," என்றார் கம்பிரே.

திருமதி ஃபோஸ் உள்ளே வந்து பையை நாற்காலியில் வைத்தார். சாலை மோசம், மழை அதைவிட மோசம் என்று கோப்பைகள் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியை எடுத்து, ஐந்தையும் வரிசையாக உறிஞ்சித் துப்பினார். திரும்பவும் முதலிலிருந்து உறிஞ்சினார்.

"எலுமிச்சைப் பூ மாதிரி வருகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது." கம்பிரேவின் பக்கம் திரும்பினார். "சுத்தமா?"

"இன்று அவரைத்தான் கேட்க வேண்டும்."

திருமதி ஃபோஸ் ருகேமாவைப் பார்த்தார்.

ருகேமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினார். ஆறிப்போயிருந்த கோப்பையை எடுத்து வந்து, மேசையில் மூன்றாவதாக இருந்ததை நகர்த்தி, அந்த இடத்தில் வைத்தார். பிறகு சுத்தமான கரண்டி ஒன்றை எடுத்து திருமதி ஃபோஸிடம் நீட்டினார்.