மாசிலாமணிக்குத் தைத்த அலை

"ஆளுக்கு ஆறு நிமிஷம் அளவெடுக்கணுமா மேடம்? ஒரு நல்ல அலை இருந்தா எல்லாருக்கும் போதாதா?"

கேட்டவர் டாக்டர் வேதநாயகம். முப்பது வருஷம் ஸ்கேன் பார்த்தவர். இந்தப் புது இயந்திரத்துக்காக, தன் மகள் வயதுள்ள இயற்பியல்காரி இசக்கியிடம் பாடம் கேட்க வேண்டியிருந்தது. அந்த எரிச்சல் குரலில் இருந்தது.

அதன் காந்தம் மிக வலுவானது. அதற்குள் ரேடியோ அலை ஒவ்வொரு தலையிலும் ஒவ்வொரு மாதிரி பரவும்; சில இடங்களை எட்டவே எட்டாது. அதனால் தலையை அளந்து, அந்தத் தலைக்கென்றே அலையைத் தைக்க வேண்டும்.

"முதல்ல வந்த நோயாளி மாசிலாமணிக்குத் தைச்சது அருமையா வந்துச்சு. ஒரு வாரமா அதையேதான் எல்லாருக்கும் விடுறேன். செண்பகவல்லியோட வலிப்புக்குக் காரணமே அதுலதான் தெரிஞ்சது. இடது காதுக்கு மேல, கருப்பா. இன்னைக்குப் பதினோரு மணிக்கு அந்த இடத்தை வெட்டி எடுக்கப் போறாங்க."

"மாசிலாமணி எப்படி இருக்கார்?"

"போன வாரமே தவறிட்டார்."

"அது அந்த அலைக்குத் தெரியுமா டாக்டர்? அது இன்னும் அவர் தலையைத்தானே தேடும்?"

அவர் சிரித்தார். இசக்கி சிரிக்கவில்லை. கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு, தானே போய் இயந்திரத்துக்குள் படுத்துக்கொண்டாள்.

"அதையே எனக்கும் விடுங்க."

இயந்திரம் தட்டத் தொடங்கியது. மூடிய கதவை யாரோ விடாமல் தட்டுவது போலிருந்தது.

திரையில் இசக்கியின் மூளை வந்தது. இடது காதுக்கு மேல் கருப்பாக ஒரு குழி. செண்பகவல்லிக்கு இருந்த அதே குழி.

வேதநாயகம் மைக்கை அழுத்தினார்.

"மேடம்... உங்களுக்கும்..."

"இப்ப என்னை அளந்துட்டு விடுங்க." ஒலிபெருக்கியில் அவள் குரல் எங்கோ தூரத்திலிருந்து கேட்டது.

ஆறு நிமிஷம் அளந்தார். அலையை மாற்றி விட்டார்.

குழி இல்லை. அலை எட்டாத இடம்தான் கருப்பாகத் தெரிந்திருந்தது.

மணி பத்து நாற்பது. அவளை உள்ளேயே விட்டுவிட்டு ஓடினார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், மொட்டையடித்த தலையோடு செண்பகவல்லி தள்ளுவண்டியில் படுத்திருந்தாள்.

"நிறுத்துங்க!" அவருக்கு மூச்சு வாங்கியது. "உன் தலையை அளக்கணும்மா."

"அன்னைக்கு அளக்கலையா டாக்டர்?"

"இல்லம்மா."

அவள் மொட்டைத் தலையை மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப அன்னைக்கு நீங்க பாத்தது யார் தலைங்க?"